ஆரக்கிளின் நம்பர் வகை: பைட் வரிசையே எண் வரிசையாக

ஆரக்கிள் தரவுத்தளத்தில் 123 என்ற எண்ணைக் கொடுத்து, அது உள்ளே எப்படி எழுதப்படுகிறது என்று டம்ப் என்னும் செயற்கூற்றைக் கேட்டால், 194, 2, 24 என்ற மூன்று பைட்டுகளை (0 முதல் 255 வரையான ஓர் எண்ணைத் தாங்கும் நினைவக அலகுகளை) அது காட்டும். 123.01 என்பதைக் கேட்டால் 194, 2, 24, 2 என்று வரும். -123 என்பதற்கு 61, 100, 78, 102 என்று வரும். நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்வது அந்தப் பெரிய தரவுத்தளத்தில் நம்பர் என்னும் ஒரே ஒரு தரவு வகையை. அதிலும், தசம எண்களை விரைவாக ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் அது கையாளும் குறியாக்கத்தை, அதாவது எண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறையை. பணத்தொகை, எடை, வட்டி விகிதம், ஆய்வக அளவீடு என்று தசமப் புள்ளி உள்ள எண்களைப் பெருமளவில் வைத்து ஆளும் எவரும் இந்தக் குறியாக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தசம எண்ணைக் கணிப்பொறிக்குள் வைப்பதற்கு முதலில் தோன்றும் வழிகள் எல்லாமே, வரிசை என்று வந்தவுடன் இடறுகின்றன. எழுத்துச் சரமாக வைத்தால் 9 என்பது 10-க்குப் பின்னால் போய் நிற்கும். முன்னால் பூஜ்யங்களை இட்டு நிரப்பி அதைச் சரிசெய்தாலும், குறை எண்கள் வந்ததும் -02 என்பது -10-க்கு முன்னால் நின்று மறுபடியும் வரிசை கெடும். இரண்டை அடிமானமாகக் கொண்ட இரும மிதவைப் புள்ளியில் வைத்தால் ஒப்பீடு செயலியின் ஒரே கட்டளையில் முடிந்துவிடும், ஆனால் 0.1 என்ற எண்ணுக்கே அங்கே சரியான வடிவம் கிடையாது, பத்துப் பைசாவை உள்ளபடி எழுத முடியாத ஒரு முறையைக் கணக்கு வழக்குக்கு வைத்துக்கொள்வது தகாது. மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலையின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் தசம மிதவைப் புள்ளிக்கென்றே வடிவங்களைக் கொண்டுவந்தது. 64 பிட்டில் 16 இலக்கங்களும் 128 பிட்டில் 34 இலக்கங்களும் பிழையின்றி அடங்கும். கணக்கிடுவதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே 1.0 என்பதும் 1.00 என்பதும் மதிப்பில் ஒன்றாக இருந்தும் பிட் அமைப்பில் வேறுபடும்; 7-ஐப் பத்தின் முதல் அடுக்கால் பெருக்கி எழுதிய 70, அடுக்கே இல்லாமல் எழுதிய 700-ஐவிடப் பெரிய அடுக்கு எண்ணைத் தாங்கி நிற்கும். ஆகவே அந்த வடிவத்தின் பைட்டுகளை மட்டும் பார்த்து எது பெரியது, எது சிறியது என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்து, அடுக்குகளைச் சமப்படுத்தி, அதன் பிறகே ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு ஒப்பீட்டில் இந்த வேலை ஒரு பொருட்டே அன்று. ஆனால் தரவுத்தளம் ஓர் இண்டெக்ஸில், அதாவது மதிப்புகளை வரிசையாக மர வடிவில் அடுக்கி வைக்கும் தேடல் பட்டியலில், ஒரு மதிப்பைத் தேடும்போது, அந்த மரத்தின் ஒவ்வொரு நிலையிலும் பல ஒப்பீடுகளைச் செய்துகொண்டே இறங்குகிறது; பத்து லட்சம் வரிகளை வரிசைப்படுத்தும்போது ஏறக்குறைய இரண்டு கோடி ஒப்பீடுகள் நடக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வேலை சேர்ந்துகொண்டால் அதுவே பெரும் செலவாகிவிடும். அகராதியில் சொற்களை நாம் எப்படி இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் வேறுபடும் எழுத்திலேயே முன்பின் முடிவு செய்கிறோமோ, அப்படியே எண்களின் பைட்டுகளையும் பொருள் அறியாமலே ஒப்பிட்டுச் சரியான விடையைப் பெற முடியுமானால், மெம்கம்ப் போன்ற நினைவக ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றே போதும்; அதைச் செயலி பல பைட்டுகளை ஒருசேர எடுத்து மிக வேகமாகச் செய்து முடிக்கும். நம்பர் வகையின் குறியாக்கம் இந்த ஒரு நோக்கத்துக்குக் கடைசி மூலைவரை இசைவாக அமைந்திருக்கிறது.

அமைப்பு இதுதான். எண் முதலில் நூறடிமான இலக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. அதாவது, தசமப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் இரண்டிரண்டு இலக்கங்களாக எடுத்து, ஒவ்வோர் இணையையும் ஒரு பைட்டில் வைக்கிறார்கள். 123 என்பது 1, 23 என்ற இரண்டு இணைகள். மிகை எண்ணாக இருந்தால் ஒவ்வோர் இணையோடும் ஒன்றைக் கூட்டி எழுதுவதால் 2, 24 என்று ஆகிறது. அவற்றுக்கு முன்னால் நிற்கும் முதல் பைட், முதல் இணை நூறின் எத்தனையாவது அடுக்கைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. ஒன்றுகளின் இடத்துக்கு 193, நூறுகளின் இடத்துக்கு 194, பத்தாயிரங்களுக்கு 195 என்று ஏறும். நூறில் ஒன்றுகளுக்கு 192 என்று இறங்கும். ஆகவே 1 என்பது 193, 2 என்றும், 10 என்பது 193, 11 என்றும், 0.1 என்பது 192, 11 என்றும் எழுதப்படும். பெரிய அடுக்குள்ள எண்ணுக்குப் பெரிய முதல் பைட் என்பதால், பெரும்பாலான ஒப்பீடுகள் முதல் பைட்டிலோ இரண்டாவது பைட்டிலோ முடிந்துவிடுகின்றன. இறுதியில் வரும் பூஜ்ய இணைகள் சேமிக்கப்படுவதே இல்லை. அதனால் பத்து லட்சம் என்ற எண் 196, 2 என்று இரண்டே பைட்டுகளில் அடங்கிவிட, அதைவிட ஒன்று குறைவான 999999 என்பது 195, 100, 100, 100 என்று நான்கு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது.

குறை எண்களில்தான் இந்த வடிவமைப்பின் நுட்பம் தெரிகிறது. அளவில் பெரிய குறை எண் வரிசையில் முன்னால் வர வேண்டும் என்பதால் எல்லாமே தலைகீழாக வேண்டும். முதல் பைட்டை 255-இலிருந்து கழிக்கிறார்கள். இணைகளோடு ஒன்றைக் கூட்டுவதற்குப் பதிலாக 101-இலிருந்து அவற்றைக் கழிக்கிறார்கள். 194 என்பது 61 ஆகவும், 1 என்பது 100 ஆகவும், 23 என்பது 78 ஆகவும் மாறுகின்றன. இவ்வளவோடு விட்டிருந்தால் ஓர் இடத்தில் தவறு நேர்ந்திருக்கும். -123 என்பது 61, 100, 78 என்றும், -123.01 என்பது 61, 100, 78, 100 என்றும் இருந்தால், ஒன்று மற்றொன்றின் தொடக்கமாகவே இருந்தால் குட்டையானது முன்னால் என்ற பைட் ஒப்பீட்டின் விதிப்படி -123 முன்னால் போய்விடும், ஆனால் -123.01 அல்லவா சிறிய எண்? இதற்காகத்தான் குறை எண்களின் இறுதியில் 102 என்ற பைட் சேர்க்கப்படுகிறது. 101-இலிருந்து கழித்து வரும் எந்த இலக்கமும் 101-ஐத் தாண்டாது என்பதால், 102 எல்லா இலக்கங்களையும்விடப் பெரியது. 61, 100, 78, 102 என்பது 61, 100, 78, 100, 102 என்பதைவிடப் பெரியதாக நின்று வரிசை சரியாகிவிடுகிறது. நூறடிமான இணைகள் இருபதும் நிரம்பிவிட்ட எண்ணுக்குப் பின்னால் நீள எதுவும் இல்லை என்பதால், அங்கே அந்த 102-ஐக்கூட விட்டுவிடுகிறார்கள்.

ஓரங்களையும் பார்க்க வேண்டும். பூஜ்யம் 128 என்ற ஒற்றைப் பைட். நம்பர் வகை தாங்கும் மிகச் சிறிய மிகை எண், பத்தின் மைனஸ் 130ஆம் அடுக்கு. நூறின் கணக்கில் அது மைனஸ் 65ஆம் அடுக்கு என்பதால் அதன் முதல் பைட் 193-இலிருந்து 65-ஐக் கழித்து 128 என்றே வரும், முழு வடிவம் 128, 2. அப்படியென்றால் பூஜ்யத்தின் பைட்டும் இதன் முதல் பைட்டும் மோதுகின்றனவே என்று தோன்றும். ஆனால் பூஜ்யம் ஒற்றைப் பைட்டோடு நின்றுவிடுவதால், குட்டையானது முன்னால் என்ற அதே விதி அதைச் சரியான இடத்தில் வைத்துவிடுகிறது. அதே அளவுள்ள குறை எண்ணின் முதல் பைட் 127, பூஜ்யத்துக்கு ஒரு படி கீழே. மேல் ஓரத்தில் மிகப் பெரிய எண்ணின் முதல் பைட் 255. அதன் இலக்கங்கள் 100-ஐத் தாண்டாது என்பதால், மிகை முடிவிலி 255, 101 என்று எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. கீழ் ஓரத்தில் மிகப் பெரிய அளவுள்ள குறை எண் 0 என்ற பைட்டில் தொடங்க, குறை முடிவிலி 0 என்ற ஒற்றைப் பைட்டாக அதற்கும் கீழே நிற்கிறது. இந்த இரண்டு முடிவிலிகளும் ஆரக்கிளின் 5ஆம் பதிப்பிலிருந்து தரவை இறக்கும்போது மட்டுமே உருவாகும் என்று அதன் கையேடு சொல்கிறது. பெரும்பாலோர் அவற்றைக் கண்ணால் பார்க்கவே போவதில்லை. இருந்தும் அவற்றுக்கான இடம் சிறிதும் பிசகாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யம், முடிவிலி, மிகச் சிறியது, மிகப் பெரியது என எதற்குமே தனியாக ஒரு கிளை எழுதத் தேவையில்லாத ஒப்பீட்டுச் செயற்கூறு எவ்வளவு நிம்மதியானது என்பதை, அப்படிப்பட்ட கிளைகளை எழுதிப் பராமரித்தவர்கள் அறிவார்கள்.

இன்னொரு நன்மையை நான் வேகத்துக்கு மேலாகவே வைப்பேன். 1.1, 1.10, 1.100 என்று எப்படிக் கொடுத்தாலும் உள்ளே ஒரே பைட் வரிசைதான் உண்டு. ஒரு மதிப்புக்கு ஒரே வடிவம் என்பதால், சமம் என்பதும் பைட்டுகளின் சமமே. மதிப்புகளைக் குழுவாகச் சேர்க்கும்போதும், இரட்டிப்பை நீக்கும்போதும், ஹாஷ் முறையில் (மதிப்பின் பைட்டுகளிலிருந்து ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிட்டுப் பொருத்தும் முறையில்) இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போதும் பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதோடு, குறியாக்கம் நெடுவரிசையின் அறிவிப்பைச் சார்ந்திருக்கவில்லை. 10 இலக்கம், 2 தசம இடம் என்று அறிவித்த நெடுவரிசையிலும், 14 இலக்கம், 4 தசம இடம் என்று அறிவித்த நெடுவரிசையிலும் 123 என்பது அதே 194, 2, 24 தான். இரண்டையும் நேரடியாக ஒப்பிடலாம். தேவை வளர்ந்தபோது இலக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், ஏற்கெனவே உள்ள வரிகள் எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மைஎஸ்க்யூஎல் என்னும் இன்னொரு தரவுத்தளத்தின் டெசிமல் வகையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம். அதுவும் மெம்கம்ப் மூலம் ஒப்பிடத்தக்க வடிவம்தான்; ஆனால் வேறு பாதையில் வந்தது. 5.0.3 பதிப்புக்கு முன்பு அது எண்களை எழுத்துச் சரமாகவே வைத்திருந்தது. அதன் பிறகு ஒன்பது தசம இலக்கங்களை நான்கு பைட்டுகளில் அடைக்கும் இரும வடிவத்துக்கு மாறியது. 1234567890.1234 என்ற எண்ணை 14 இலக்கம், 4 தசம இடம் என்ற அறிவிப்பில் வைத்தால் 129, 13, 251, 56, 210, 4, 210 என்ற ஏழு பைட்டுகள் ஆகும். குறை எண்ணானால் ஒவ்வொரு பைட்டும் 255-இலிருந்து கழிக்கப்பட்டு 126, 242, 4, 199, 45, 251, 45 என்று வரும். முதல் பிட்டைத் திருப்பி வைப்பதும், குறை எண்ணில் எல்லாப் பிட்டுகளையும் திருப்புவதுமே அங்கே தந்திரம். இது எளிது, அடர்த்தியானது. நீளம் மாறாதது என்பதால் இறுதிக்குறி எதுவும் தேவையில்லை. அதே எண்ணுக்கு ஆரக்கிள் 197, 13, 35, 57, 79, 91, 13, 35 என்று எட்டுப் பைட்டுகள் செலவிடுகிறது. ஆனால் அந்த மைஎஸ்க்யூஎல் நெடுவரிசையில் பூஜ்யத்தை வைத்தாலும் ஏழு பைட்டுகள்தான். அறிவிப்பை மாற்றினால் ஒவ்வொரு வரியும் புதிதாக எழுதப்பட வேண்டும். வெவ்வேறு தசம இடங்கள் கொண்ட இரண்டு நெடுவரிசைகளின் பைட்டுகளை நேரே ஒப்பிடவும் முடியாது. இலக்க அளவு முன்கூட்டியே தெரிந்த, மாறாத பணக்கணக்குக்கு மைஎஸ்க்யூஎல்லின் வடிவம் மிகவும் பொருத்தமானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: அளவு எதையும் குறிப்பிடாமல் டெசிமல் என்று மட்டும் எழுதினால், 10 இலக்கம், பூஜ்யம் தசம இடம் என்று அது பொருள்கொள்ளும், 12.50 ரூபாய் 13 ரூபாயாகச் சேமிக்கப்படும், பிழை என்று சொல்லி நிறுத்தவும் செய்யாது.

போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தின் நியூமெரிக் வகை வேறு முன்னுரிமையோடு கட்டப்பட்டது. அது பத்தாயிரத்தை அடிமானமாகக் கொண்டு, நான்கு தசம இலக்கங்களை இரண்டு பைட்டுகளில் வைக்கிறது. புள்ளிக்கு முன்னால் 131072 இலக்கங்கள் வரை தாங்கும். 1.10 என்று கொடுத்ததை 1.10 என்றே திருப்பித் தரும், ஆனாலும் 1.1 உடன் சமம் என்றே கொள்ளும். இதற்கான விலை, சேமித்த பைட்டுகளை நேரே ஒப்பிட முடியாது என்பது. இதை ஈடுகட்ட 9.5 பதிப்பிலிருந்து ஒரு சுருக்கச் சாவி முறையைக் கொண்டுவந்தார்கள்: வரிசைப்படுத்தும்போது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் குறிக்கு ஒரு பிட், அடுக்குக்கு ஏழு பிட், பத்தாயிரத்தடிமானத்தில் முதல் நான்கு இலக்கங்களுக்குப் பதினான்கு பிட் வீதம் 56 பிட் என்று 64 பிட் முழு எண் ஒன்றை உண்டாக்கி, முதலில் அவற்றை மட்டும் ஒப்பிடுகிறது, அவை சமமாக இருந்தால்தான் முழு எண்ணைப் பிரித்துப் பார்க்கிறது. சுருக்கச் சாவிகள் ஒன்றுபோலவே வந்துகொண்டிருந்தால், பயனில்லை என்று இடையிலேயே அந்த முறையைக் கைவிடவும் அதற்குத் தெரியும். அறிவார்ந்த ஏற்பாடு இது. பெரிய வரிசையாக்கங்களில் ஆரக்கிளின் நீளம் மாறும் பைட் ஒப்பீட்டுக்கு இணையாக நிற்கக்கூடியது. ஆனால் அது வரிசைப்படுத்தும் வேளைக்கு மட்டும் உண்டாக்கி எறியும் வடிவம். சேமிப்பிலேயே வரிசை இருப்பது வேறு.

நம்பர் வகையிடம் எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. குறை எண்களுக்கு 102 என்று இறுதிக்குறி வைத்தவர்கள் மிகை எண்களுக்கு எதுவும் வைக்கவில்லை. ஆரக்கிளுக்குள் ஒவ்வொரு நெடுவரிசையின் நீளமும் தனியாக எழுதப்படுவதால் அங்கே இடர் இல்லை. ஆனால் இந்தக் குறியாக்கத்தை விரும்பி எடுத்து, சாவி-மதிப்பு வகைச் சேமிப்பகம் ஒன்றில் இரண்டு நெடுவரிசைகளை ஒட்டி ஒரே சாவியாக்க நினைப்பவர் தடுக்கி விழுவார். முதல் நெடுவரிசையில் 123, இரண்டாவதில் 50 என்ற வரி 194, 2, 24, 193, 51 என்று ஆகும், முதலில் 123.01, இரண்டாவதில் 5 என்ற வரி 194, 2, 24, 2, 193, 6 என்று ஆகும். நான்காவது பைட்டில் 193-உம் 2-உம் மோத, 123.01 முன்னால் போய்விடும். தீர்வு எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஒவ்வோர் இணையோடும் ஒன்றைக் கூட்டி எழுதுவதால் இலக்கங்களின் இடத்தில் 0 என்ற பைட் ஒருபோதும் வருவதில்லை, மிகை எண்களுக்கும் பூஜ்யத்துக்கும் இறுதியில் 0-ஐயும், இருபது இணைகள் நிரம்பிய குறை எண்களுக்கு விடுபட்ட 102-ஐயும் சேர்த்துவிட்டால் ஒட்டிய சாவிகளும் சரியாக வரிசையாகும்.

இதே சிக்கலை இன்னும் அழகாகத் தீர்த்த ஒரு வடிவமும் உண்டு. எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தின் நான்காம் பதிப்பு என்ற பெயரில் 2012 முதல் 2014 வரை நடந்த சோதனை முயற்சியில், சாவிகளுக்கென்று வகுத்த குறியாக்கம் இதைப் போலவே நூறடிமானம் கொண்டது. ஆனால் அங்கே இணையை இரட்டிப்பாக்கி, பின்னால் இன்னும் இலக்கம் உண்டு என்றால் ஒன்றைக் கூட்டுகிறார்கள், அதுவே கடைசி என்றால் கூட்டாமல் விடுகிறார்கள். அடுக்கைச் சொல்லும் முதல் பைட்டை விட்டுவிட்டால் 123 என்பது 3, 46 என்றும், 123.01 என்பது 3, 47, 2 என்றும் வரும். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதிலேயே முடிவு தெரிந்துவிடுவதால் தனி இறுதிக்குறி ஒரு பைட்கூடத் தேவையில்லை. 99-ஐ இரட்டிப்பாக்கி ஒன்றைக் கூட்டினாலும் 199 தான் என்பதால் பைட்டிலும் இடம் இருக்கிறது. குறை எண்களுக்கு எல்லாப் பிட்டுகளையும் திருப்பிவிட்டால் போதும். அந்தத் திட்டம் வெளியீடாக வராமலே நின்றுபோனது. புதிதாக ஒரு குறியாக்கத்தை எழுத உட்காருகிறவர்களுக்கு நம்பர் வகையைவிட அதையே முதலில் காட்டுவேன்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரிசைக்கு வேகம் தரும் இந்த வடிவம் கூட்டல், பெருக்கலுக்கு வேகம் தருவதில்லை. செயலி நேரடியாக இயக்கும் கணக்கு இல்லை என்பதால் மென்பொருள் வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும். அதற்காகவே 10ஜி பதிப்பில் பைனரி டபுள் என்ற இரும மிதவைப் புள்ளி வகையைச் சேர்த்தார்கள். அதையும் அவர்கள் வரிசை குலையாமல் வைத்திருப்பது பாராட்டத்தக்கது: மிகை எண்ணில் குறி பிட்டை மட்டும் திருப்பி, குறை எண்ணில் எல்லாப் பிட்டுகளையும் திருப்பி எழுதுவதால், அங்கே 1 என்பது 191, 240 என்று தொடங்கி ஆறு பூஜ்யங்களோடு முடியும். ஆனால் இரண்டு வகைகளையும் கலக்கக் கூடாது. நம்பர் வகை நெடுவரிசையைப் பைனரி டபுள் மதிப்போடு ஒப்பிடும் வினவல், நெடுவரிசையை மாற்றித்தான் ஒப்பிடும். அப்போது அந்த நெடுவரிசையின் இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். எண்களை எழுத்து வகை நெடுவரிசையில் வைத்துவிட்டு எண்ணோடு ஒப்பிட்டாலும் இதே கதிதான்.

இட அளவிலும் கவனம் வேண்டும். அளவு அறிவிக்காத நம்பர் நெடுவரிசையில் ஒன்றை மூன்றால் வகுத்த விடையை வைத்தால், 192-ஐத் தொடர்ந்து இருபது 34-கள் என்று 21 பைட்டுகள் நிரம்பும். சராசரி, விகிதம் போன்றவற்றைச் சேமிக்கும் அட்டவணைகள் காரணம் தெரியாமல் பெருத்துக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்; தேவையான தசம இடத்தை அறிவித்துவிட்டால் இது நேராது. இறுதிப் பூஜ்யங்கள் மறைந்துபோவதும் சிலருக்குக் குறைதான். 1.10 கிராம் என்று அளந்ததற்கும் 1.1 கிராம் என்று அளந்ததற்கும் ஆய்வகத்தில் வேறுபாடு உண்டு. அதைக் காக்க வேண்டியவர்கள் தசம இடங்களின் எண்ணிக்கையைத் தனி நெடுவரிசையில் வைக்கவோ, போஸ்ட்கிரஸுக்குப் போகவோ வேண்டும்.

விலையைப் பற்றி: ஆரக்கிளின் வணிக உரிமம் சிறு நிறுவனங்களுக்கு எட்டாதது, இந்த ஒரு தரவு வகைக்காக அதை வாங்கச் சொல்வது அறிவுரை ஆகாது. ஆனால் 12 ஜிபி பயனர் தரவு, 2 ஜிபி நினைவகம் என்ற வரம்புகளோடு இலவசப் பதிப்பு கிடைக்கிறது. கற்றுக்கொள்ளவும் சிறிய பயன்பாடுகளுக்கும் அது தாராளம். ஏற்கெனவே ஆரக்கிளில் இயங்குகிறவர்கள் தசமத் தொகைகளை நம்பர் வகையில், அளவை அறிவித்து வைப்பதே சரி. நூறால் பெருக்கிப் பைசாவாக்கி முழு எண்ணாக வைக்கும் பழக்கத்தால் அங்கே ஒப்பீட்டில் ஆதாயம் எதுவும் இல்லை, ஏனெனில் அந்த முழு எண்ணும் இதே நூறடிமான வடிவத்தில்தான் எழுதப்படும். புதிதாகத் தொடங்குகிறவர்கள், இலக்க அளவு உறுதியாகத் தெரிந்தால் மைஎஸ்க்யூஎல்லையும், எண்களின் அளவு எங்கே போகும் என்று தெரியாவிட்டால் போஸ்ட்கிரஸையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், தரவுத்தளம் பிழையின்றிக் காத்த எண்ணைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் இணைப்பு நிரல் கெடுத்துவிடக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பைத்தானில் ஆரக்கிளின் இணைப்பு நிரல் தசமப் பகுதி உள்ள நம்பர் மதிப்புகளை இயல்பாக இரும மிதவைப் புள்ளியாகவே தருகிறது. ஃபெட்ச் டெசிமல்ஸ் என்ற அமைப்பை இயக்கினால்தான் தசம வகையில் கிடைக்கும். நோட் ஜேஎஸ்ஸுக்கான நிரலும் இயல்பாக ஜாவாஸ்கிரிப்ட்டின் எண் வகையாகவே தருவதால், பதினேழு பதினெட்டு இலக்கங்கள் உள்ள எண்களின் கடைசி இலக்கங்கள் அங்கே மாறிப்போகும். அத்தகைய நெடுவரிசைகளை எழுத்துச் சரமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஜாவாவில் பிக் டெசிமல் வகையில் வாங்க வேண்டும். வரிசைப்படுத்தும் வேலையையும் தரவுத்தளத்திடமே விட்டுவிட வேண்டும். அந்த எழுத்துச் சரங்களைப் பயன்பாட்டின் பக்கத்தில் மறுபடி வரிசைப்படுத்தினால், 9 மீண்டும் 10-க்குப் பின்னால் போய் நிற்கும்.